உபுண்டுவும் ஆய்வில் இன நீதியும்: வாசகர் கேள்வி – பதில்

உபுண்டு என்றால் கணினி இயங்குதளம் என்று மட்டுமே தெரியும். அது ஆப்பிரிக்கத் தத்துவம் என்கிறார்கள். அதற்கும் அறிவியல் ஆய்வுக்கும் என்ன தொடர்பு?
– கல்லூரி மாணவி

இயங்குதளம் அந்தப் பெயரைக் கடன் வாங்கியது 2004இல். சொல் அதைவிட மிகப் பழையது. ஸுலு மொழியில் ‘-ண்டு’ மனிதரைக் குறிக்கும் வேர். முன்னொட்டு மாறினால் பொருள் மாறும்: உமுண்டு ஒரு மனிதர், அபாண்டு பல மனிதர், உபுண்டு மனிதராயிருக்கும் தன்மை. இந்தச் சொற்களைக் கோத்துத்தான் ‘உமுண்டு ஙுமுண்டு ஙபாண்டு’ என்ற பழமொழி பிறந்தது. மனிதர் மற்ற மனிதரால்தான் மனிதராகிறார் என்பது அதன் பொருள். சோத்தோ மொழியில் இதுவே போத்தோ, ஷோனாவில் உன்ஹு, சுவாஹிலியில் உட்டு. கென்யச் சிந்தனையாளர் ஜான் ம்பிட்டி 1969இல் ‘நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்’ என்ற பொருளில் இதை எழுதினார். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசமைப்பின் முடிவுரையில் இந்தச் சொல் இடம்பெற்றது. 1995இல் மக்வன்யானே வழக்கில் மரண தண்டனையை நீக்கிய அரசமைப்பு நீதிமன்ற நீதிபதிகளும் இதை எடுத்தாண்டார்கள்.

இந்தப் பழமொழியை ஆய்வுக்குள் கொண்டுவந்தால் நேரடியான ஒரு விளைவு உண்டு. இரத்தம் கொடுப்பவரும் அதை எடுப்பவரும் ஒரே உறவுக்குள் வந்துவிடுகிறார்கள். எடுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போகிற ஆய்வாளர் அந்த மக்களுக்குத் தீங்கு செய்வதோடு தம் மனிதத்தன்மையையும் இழக்கிறார். ஆகவே ஓர் ஆய்வை எடைபோட இந்தத் தத்துவம் தரும் கேள்விகள் மிகவும் உலகியலானவை. கேள்வியை யார் தேர்ந்தெடுத்தது? மாதிரி யார் கையில் இருக்கிறது? பணம் எங்கே போகிறது? ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

எங்கள் நெறிக்குழுவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று கவனமாகப் பார்க்கிறோம். அதற்கு மேல் உபுண்டு எதற்கு?
– நெறிக்குழு உறுப்பினர்

கையெழுத்து விதிகள் வந்த வரலாறே இன அநீதியின் வரலாறுதான். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசே ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் இருந்தது. 1947 வாக்கில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அந்தக் கொடுமை வெளிவந்த பின்னர்தான், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான நெறிகளை வகுத்த பெல்மண்ட் அறிக்கை 1979இல் வந்தது. அந்த விதிகள் தனிமனிதரைக் காக்கின்றன. அது பெரிய விஷயம், அதை யாரும் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்துக்கே நேரும் தீங்கை அவற்றால் பிடிக்க முடிவதில்லை.

ஆப்பிரிக்கத் தெற்கின் தொல்குடியினரான சான் மக்களில், நமீபியாவின் கலஹாரியில் வாழும் நான்கு ஆண்களின் மரபணுத் தரவும் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் மரபணுத் தரவும் 2010இல் வெளியாயின. நால்வரிடமும் ஒப்புதல் பெற்றோம், நெறிக்குழு அனுமதியும் உண்டு என்றார்கள் ஆய்வாளர்கள். எங்கள் மக்கள் அனைவரையும் பற்றிப் பேசும் தரவை எங்கள் அமைப்பிடம் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று சான் தலைவர்கள் கேட்டார்கள். மரபணு ஒருவருடையது மட்டும் இல்லை, அது உறவினர் அனைவருடையதும். படிவத்திலோ ஒருவருக்குத்தான் இடம் இருந்தது.

ஹூடியா செடியின் கதையும் இதே வகை. வேட்டைக்குப் போகும்போது பசி, தாகம் தெரியாமலிருக்கச் சான் மக்கள் மென்றுவந்த செடி அது. தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் ஆய்வு மன்றம் 1995இல் அதற்குக் காப்புரிமை கோரியது. சான் மக்களோடு பயன்பகிர்வு உடன்பாடு வந்தது 2003இல்தான்: மன்றம் பெறும் ராயல்டியில் 6 விழுக்காடு, மருந்து உருவாக்கம் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் வரும் இடைநிலைத் தொகைகளில் 8 விழுக்காடு. அதற்குள் எட்டு ஆண்டு போய்விட்டது. அந்தச் செடியிலிருந்து செய்ய நினைத்த மருந்து சந்தைக்கு வரவே இல்லை என்பதால் சதவீதம் எழுதியிருந்தும் பெரிய தொகை கைக்கு எட்டவில்லை. ரூயிபோஸ் தேயிலைக்கு 2019இல் போட்ட உடன்பாடு இதைவிடத் தெளிவானது. தோட்ட வாயில் விலையில், அதாவது விளைவித்தவர் முதலில் விற்கும் விலையில், 1.5 விழுக்காடு சான் மக்களுக்கும் கொய் என்ற இன்னொரு தொல்குடியினருக்கும் போகிறது. வராமலே போகக்கூடிய இலாபத்தில் பங்கு பேசுவதைவிட, நடந்துகொண்டிருக்கும் விற்பனையில் பங்கு பேசுவது உறுதியானது.

இந்த அனுபவங்களிலிருந்து தென்னாப்பிரிக்க சான் மன்றம் 2017 மார்ச்சில் தன் சொந்த ஆய்வு நெறிமுறையை வெளியிட்டது. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறையான வழிமுறை ஆகியவை அதன் தூண்கள். திட்டம் முதலில் மன்றத்துக்கு வரவேண்டும். நெறியை மோசமாக மீறும் ஆய்வாளரோடு மேற்கொண்டு ஒத்துழைக்க மறுக்கவும் அதில் வழியிருக்கிறது. உங்கள் குழு செய்யக்கூடியது: விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூடுதலாகக் கேளுங்கள். இந்த ஆய்வின் முடிவு எந்தக் கூட்டத்தைப் பற்றிய பேச்சாக வெளியே போகும், அந்தக் கூட்டத்தின் யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள், அவர்கள் எதை மாற்றச் சொன்னார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள்? கடைசிக் கேள்விக்கு ‘எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால், பெரும்பாலும் உண்மையான பேச்சு நடக்கவில்லை என்றே பொருள்.

தென்னாப்பிரிக்காவில் கிராமப்புறச் சமூகம் ஒன்றோடு களப்பணி செய்யப்போகிறேன். எந்த மாதத்தில் எதைச் செய்வது என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– முனைவர் பட்ட ஆய்வாளர்

முதல் நான்கு மாதம் உங்களிடம் ஆய்வுத் திட்டமே இருக்கக்கூடாது. ஒரு பக்கக் குறிப்பு போதும். ஆய்வின் கேள்வி இன்னும் களிமண்ணாக இருக்கும்போது மக்கள் கை வைத்தால்தான் வடிவம் மாறும். சுட்ட பிறகு காட்டினால் தலையாட்டத்தான் முடியும்.

போய் இறங்கியதும் மரபுத் தலைவரையும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரையும், சுகாதார நிலையச் செவிலியரையும் தனித்தனியே பாருங்கள். பிறகு பொதுக்கூட்டம் கேளுங்கள். பொட்ஸ்வானாவில் அது க்கோட்லா, ஸுலு பேசும் பகுதிகளில் இம்பிஸோ. உங்கள் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மீதி நேரம் அவர்களுடையது. முன்பு வந்துபோன ஆய்வாளர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள், எதைக் காப்பாற்றவில்லை என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில், வேறெந்த முன்னாய்வும் தராத தகவலைத் தரும். முதல் கூட்டத்திலேயே முடிவு கேட்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் விட்டு மறுபடி கூடுங்கள், வீட்டில் பேச அவகாசம் வேண்டும்.

ஐந்தாம் மாதம் ஆலோசனைக் குழு. ஒன்பது முதல் பன்னிரண்டு பேர் போதும். பாதிப் பேராவது ஆய்வுக்கு உட்படப்போகிறவர்களைப் போன்றவர்களாக இருக்கவேண்டும். காசநோய் ஆய்வு என்றால் அந்த நோயோடு வாழ்ந்தவர்கள். போதகர், ஆசிரியர், தலைவரின் மைத்துனர் என்று நிரப்பிவிட்டால் குழு படம் எடுக்க நன்றாக இருக்கும், உண்மை பேசாது. உறுப்பினர் பதவிக்கு இரண்டாண்டு வரம்பு, அமர்வுக்கு ஊதியம், போக்குவரத்துச் செலவு, கூட்டக் குறிப்பு அவர்கள் மொழியில். முக்கியமானது, குழுவுக்கு எந்தெந்த முடிவில் தடை அதிகாரம் உண்டு என்று எழுத்தில் இருக்கவேண்டும். நாங்கள் குறைந்தது மூன்றைச் சொல்வோம்: கேள்வித்தாளில் ஒரு கேள்வியை நீக்குவது, மாதிரி நாட்டைவிட்டுப் போவது, சமூகத்தின் பெயரை வெளியீட்டில் போடுவது. இந்த அதிகாரம் இல்லாத குழுக்கள் நாளடைவில் ஆய்வுக்கு ஆள்பிடிக்கும் குழுவாகச் சுருங்கிவிடுகின்றன. அடிக்கடி கெடுவது இந்த இடத்தில்தான்.

ஆறாம், ஏழாம் மாதம் ஒப்புதல் படிவம். ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பவேண்டும், இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘குலுக்கல் முறையில் பிரிப்பது’, ‘மருந்தற்ற மாத்திரை’ ஆகிய இரண்டும்தான் வழக்கமாகத் திரிந்துபோகும் இடங்கள். குலுக்கல் என்பதைப் பரிசுச் சீட்டு என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். படித்துக்காட்டிய பிறகு ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை, மரியாதைக்காகவே ஆம் என்பார்கள். ‘வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். என்ன எடுக்கிறார்கள், எதற்கு, எப்போது விலகலாம், விலகினால் சிகிச்சை நிற்குமா என்ற நான்குக்கும் அவர் வாயாலேயே பதில் வரவேண்டும். வராவிட்டால் குறை உங்கள் விளக்கத்தில். மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால் அன்று கையெழுத்து வாங்காதீர்கள்.

எட்டாம் மாதம் நெறிக்குழுவுக்கு விண்ணப்பம். அதன் பிறகுதான் களம். களப்பணி நடக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பிப்போய் இதுவரை எத்தனை பேர், என்ன தடங்கல் என்று சொல்லுங்கள். ம்புமலங்கா மாநிலத்தில் 1992 முதல் இயங்கும் அகின்கோர்ட் ஆய்வு மையம் தன் முடிவுகளைக் கிராமந்தோறும் கூட்டம் போட்டு, கிராமத்துக்கான தகவல் தாளோடு திருப்பிச் சொல்லிவருகிறது. அத்தனை ஆண்டுகளாக மக்கள் கதவைத் திறக்கிறார்கள் என்றால் அதில் இந்தப் பழக்கத்துக்குப் பங்குண்டு.

ஆய்வின் தரவு அட்டவணையில் ‘இனம்’ என்ற பத்தியை வைப்பதே தவறா? எடுத்துவிட்டால் பாகுபாடு போய்விடுமா?
– புள்ளியியல் ஆசிரியர்

எடுத்துவிட்டால் பாகுபாடு கண்ணில் படாது, போகாது. விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே பாருங்கள். கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று நிம்மதியாகக் காட்டிய நேரத்தில், தமனி இரத்தத்தைச் சோதித்தால் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இந்த மறைந்த குறைவு கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 விழுக்காடு. இனம் என்ற பத்தி இருந்ததால்தான் கருவியின் குறை பிடிபட்டது.

மறுபக்கம் சிறுநீரகச் சூத்திரம். 2009ஆம் ஆண்டின் சூத்திரம், தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும். நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது. தசை அதிகம் என்ற ஊகமே அதற்கு அடிப்படை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வயது, ஒரே பால், ஒரே கிரியேட்டினின் கொண்ட இருவர். ஒருவருக்கு விடை 18. கறுப்பினத்தவர் என்று குறித்திருந்தால் 18 பெருக்கல் 1.159, ஏறத்தாழ 20.9. அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காதவருக்கு மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம், இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ஓடத் தொடங்கும். ஒருவருக்குக் கடிகாரம் ஓடுகிறது, மற்றவருக்கு நிற்கிறது. 2021இல் இனம் நீக்கிய சூத்திரம் வந்தது. 2023இல், இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பிக் கணக்கிட்டுத் தர மருத்துவமனைகளுக்கு உத்தரவானது. பிழையைத் திருத்தியதோடு நிற்காமல் பறிபோனதைத் திருப்பித் தந்த இந்த இரண்டாவது படிதான் உபுண்டுவுக்கு நெருக்கமானது.

ஆகவே பத்தியை வையுங்கள், ஆனால் அது எதற்குப் பதிலாக நிற்கிறது என்று எழுதுங்கள். வருமானமா, வசிக்கும் இடமா, தோலின் நிறமா, மருத்துவமனையில் நடத்தப்படும் விதமா? நேரடியாக அளக்க முடிந்ததை நேரடியாக அளந்துவிடுங்கள். ஆக்சிமீட்டர் ஆய்வில் தேவைப்படுவது தோல் நிறத்தின் அளவு. உணவு ஆய்வில் தேவைப்படுவது கடைக்கான தூரமும் கையிலுள்ள பணமும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2019 கட்டுரை சாட்சி. 60 பெண்களைச் சோதித்துவிட்டு, ‘கலர்ட்’ (கலப்பு வம்சாவளியினர்) எனப்படும் தென்னாப்பிரிக்கப் பெண்களின் அறிவுத்திறன் குறைவு என்ற முடிவை எழுதினார்கள். அந்த வகைப்பாடு 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நிறவெறி ஆட்சிக்காக உறுதியாக்கியது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 60 பேரிலிருந்து இலட்சக்கணக்கானோருக்குத் தாவியது, வேறிடத்தில் உருவான சோதனையை அப்படியே நம்பியது, சட்டம் ஒட்டிய பெயரை உயிரியல் என்று எடுத்துக்கொண்டது ஆகிய மூன்று பிழைகளும் வரைவிலேயே கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பெண்களில் நால்வருக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தால் போதும்.

இதற்கெல்லாம் பணம்? நிதி தருபவர் ஒப்புக்கொள்வாரா?
– ஆய்வுத் திட்ட மேலாளர்

மொத்த நிதியில் 8 முதல் 10 விழுக்காட்டைத் தொடக்கத்திலேயே தனித் தலைப்பில் ஒதுக்குங்கள், இது எங்கள் கணக்கு. கூட்டச் செலவு, ஆலோசனைக் குழு ஊதியம், இருவழி மொழிபெயர்ப்பு, முடிவு திருப்பிச் சொல்லும் பயணம் எல்லாம் அதில் அடங்கும். பயணச் செலவைத் திட்டத்தின் இறுதி மாதத்தில் வைக்காதீர்கள், அதற்குள் பணம் தீர்ந்திருக்கும். பங்கேற்பவருக்கான தொகையைத் தென்னாப்பிரிக்க வழக்கப்படி நேரம், சிரமம், செலவு என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிடலாம். அப்படிப் பிரித்துக் காட்டினால் ‘ஆசை காட்டுகிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டும் எழாது, குறைத்துக் கொடுக்கவும் முடியாது.

சமூகம், ஒருமித்த முடிவு என்றால் பெண்களும் இளைஞர்களும் வாயடைத்துப் போகமாட்டார்களா? தலைவர் சரி என்றால் எல்லாரும் சரி என்றாக வேண்டுமா?
– சமூகப் பணியாளர்

இந்தப் பயம் நியாயமானது. ஆப்பிரிக்கத் தத்துவவாதிகளுக்குள்ளேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது. மனிதத்தன்மை சமூகத்தில் வளர்ந்துதான் கிடைக்கிறது என்று நைஜீரியாவின் இஃபெயானி மென்கிட்டி வாதிட்டார். கானாவின் குவாமே ஜெகியே அதை மறுத்து, தனிமனித உரிமைக்கும் இடம் வைத்த மிதமான சமூகவாதத்தை முன்வைத்தார். களத்தில் நாங்கள் ஜெகியே பக்கம்தான் நிற்போம்.

நடைமுறையில் இரண்டு பூட்டுகள் இருக்கட்டும். சமூகத்தின் அனுமதி முதல் பூட்டு, தனியொருவரின் ஒப்புதல் இரண்டாவது. முதலாவது திறக்காவிட்டால் ஊருக்குள் நுழையமுடியாது. அது திறந்துவிட்டதால் இரண்டாவது தானாகத் திறக்காது. தலைவரின் கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்துக் காட்டாதீர்கள், அது கட்டளையாகிவிடும். பெண்களுக்குத் தனிக் கூட்டம், பெண் நடத்துநர், ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம். யார் மறுத்தார் என்ற பட்டியல் ஊருக்குள் யார் கண்ணிலும் படக்கூடாது. கள உதவியாளர் அதே தெருக்காரர் என்றால் மறுப்பு வெளியே கசியும், அவரை வேறு பகுதிக்கு மாற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உபுண்டு என்ற சொல்லைப் பாதிக்கப்பட்டவரை மன்னிக்கச் சொல்லவும் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஈடு கொடுக்காமல். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை, நல்லிணக்க ஆணையம் பாதிக்கப்பட்டோருக்கு ஆண்டுக்கு 17,000 முதல் 23,000 ராண்ட் வரை ஆறாண்டு தரப் பரிந்துரைத்தது. 2003இல் அரசு அறிவித்தது ஒரே தவணையாக 30,000 ராண்ட். ‘நாமெல்லாம் ஒன்று’ என்று சொல்லி உரிய பணத்தைக் குறைத்தால், அந்த இடத்தில் உபுண்டு இல்லை.

இரத்த மாதிரியும் மரபணுத் தரவும் வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போகின்றன. தடுத்துவிட்டால் ஆப்பிரிக்க மக்களுக்குத்தானே இழப்பு?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவர்

இழப்பு இருக்கிறது. 2016 கணக்கெடுப்பின்படி நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 விழுக்காடு ஐரோப்பிய வம்சாவளியினர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் 3 விழுக்காடு மட்டுமே. அதனால் தடை போடுவதைவிட நிபந்தனை போடுவதே நல்லது. ஒப்புதலை நான்கு தட்டாகப் பிரியுங்கள்: இந்த ஆய்வுக்கு மட்டும், இதே நோய்க்கான பிந்தைய ஆய்வுக்கு, நாட்டுக்கு வெளியே அனுப்ப, வணிகப் பயன்பாட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆம், இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2018இல் அரசிதழில் வந்த மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கொடுப்பவர், பெறுபவர் ஆகியோரோடு நெறிக்குழுவும் ஒரு தரப்பு. மற்ற நாடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு அது. மாதிரியோடு ஒரு ஆப்பிரிக்க மாணவரும் போகட்டும், பகுப்பாய்வைக் கற்றுத் திரும்பட்டும், கட்டுரையில் பெயரும் இருக்கட்டும்.

ஆப்பிரிக்கர் அல்லாத நான் என் கட்டுரைத் தலைப்பில் ‘உபுண்டு’ என்று போடலாமா?
– ஆய்வாளர்

அந்தத் தத்துவத்தால் உங்கள் ஆய்வில் மாறிய ஒரு முடிவையாவது செய்முறைப் பகுதியில் காட்ட முடிந்தால் போடுங்கள். மொகோபே ரமோசே போன்ற ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்களை நேரே படித்து மேற்கோள் காட்டுங்கள். முடியாவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

தரவெல்லாம் திரட்டி முடித்துவிட்டோம். இதில் எதையும் செய்யவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆய்வுக் குழு

முடியும், கட்டுரை வெளிவரும் முன்பாக என்றால். இதழுக்கு அனுப்புவதை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். முடிவை அவர்கள் மொழியில் இரண்டு பக்கமாக எழுதிக்கொண்டு நேரில் போங்கள். முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், உங்களைக் கேட்காமல் தொடங்கினோம் என்று. பிறகு படித்துக்காட்டி, எது தவறு, எது உங்களைக் காயப்படுத்தும், எது விடுபட்டது என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் மறுக்கும் விளக்கத்தை நீங்கள் ஏற்காவிட்டாலும் அவர்கள் மறுப்பைக் கட்டுரைக்குள்ளேயே பதியுங்கள்.

அட்டவணைகளையும் ஒருமுறை பாருங்கள். ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள கட்டங்களை மறைத்துவிடுங்கள். ‘45 வயது, ஆசிரியை, கணவரை இழந்தவர்’ என்று மூன்று விவரம் சேர்ந்தால் சிறிய ஊரில் பெயர் சொன்னதற்குச் சமம். உறைபெட்டியில் மீந்திருக்கும் மாதிரிகளுக்கு ஒப்புதல் எதுவரை என்று படிவத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் பயன்படுத்த நினைத்தால் புது ஒப்புதல் வாங்குங்கள். வாங்க வழியில்லை என்றால் வைத்துக்கொள்வதா, அழிப்பதா, திருப்பித் தருவதா என்று அவர்களிடமே கேளுங்கள். உடலிலிருந்து எடுத்ததை எப்படி வழியனுப்புவது என்பதில் அவர்களுக்கென்று முறைகள் இருக்கலாம். அதற்கான செலவு உங்களுடையது.